சொதியில் என்ன காய், பெரியப்பா?

அன்பும் அதைவிட அதிகமாகச் சத்தமும் நிறைந்த பெரியப்பாவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், திருநெல்வேலி டவுணில் நம் வளவில் உங்களோடு வசித்துவந்த பட்டன் போன் அவர்கள், சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் அம்மாவின் இட்லி மாவுச் சட்டிக்குள் தவறி விழுந்து இயற்கை எய்தினார்கள். அன்னாருக்குச் சார்ஜர் என்ற துணைவியாரும், வீங்கிப்போன பேட்டரி என்ற ஒரே மகனும் உள்ளனர். நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைத்தால் பிழைக்கும் என்று எதிர்வீட்டார் சொன்னார்கள். அரிசியை அரைத்த மாவுக்குள் விழுந்தவரே பிழைக்கவில்லை, அரிசியா காப்பாற்றப்போகிறது? அன்னாரின் இறுதி ஊர்வலம் குப்பை வண்டி வந்ததும் புறப்படும்.

நீங்கள் வாசித்திருந்தால் இன்னும் எடுபட்டிருக்கும். 'இயற்கை எய்தினார்கள்' என்ற இடத்தில் மூச்சை இழுத்து ஓர் இடைவெளி விடுவீர்களே, அதில் ஆட்டோ டிரைவரே கண்ணைத் துடைப்பார். டவுணில் யார் செத்தாலும் ஆட்டோ மேல் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு நாலு ரத வீதியும் சுற்றி அறிவித்தது நீங்கள்தான். உங்கள் மைக்கில் கெட்டவன் ஒருத்தன்கூடச் செத்ததில்லை.

நீங்கள் செத்தபோது மைக் இருந்தது, ஆள் இல்லை. நான்தான் ஆட்டோவில் ஏறினேன். "மைக்செட் ஆறுமுகம் அவர்கள்" என்று ஆரம்பித்ததுமே தெருவில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். இந்தக் கொட்டாவிப் பயல் வழக்கம்போல விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம். ஆட்டோ இரண்டாம் சுற்று வந்தபோதுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எப்படியிருக்கிறது பெரியப்பா? உங்கள் சாவுக்கே ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

இதை வேறு பேரும் படிக்கப்போகிறார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர் என் அப்பாவின் அண்ணன். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருக்கிற வளவில் எதிரெதிர் வீடு. பெரியம்மா போன பிறகு சாப்பாடு எங்கள் வீட்டில், குறட்டை அவர் வீட்டில். ஒரே மகன் சங்கரண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அண்ணியும் பாப்பாவும் களக்காட்டில், அண்ணியின் அம்மா வீட்டில். ஆயுசு முழுக்கக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதில் பெரியப்பாவின் வலது காது முழு ஓய்வு பெற்றுவிட்டது; இடது காது பகுதி நேர வேலை. நான் பிளஸ் டூ. ஐந்து வயதில் அவருடைய மைக்கைத் திருட்டுத்தனமாகப் பிடித்து, கோயில் கொடைவிழா நடக்கும்போது ஊருக்கே கேட்கும்படி கொட்டாவி விட்டவன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

அந்தப் பெயரால்தான் எல்லாமே கெட்டது. அதைத் தட்டியில் போட்டது நான்.

பாப்பாவின் காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்கமாட்டீர்கள். பிளக்ஸ் தட்டி அடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். நம் ஊரில் தட்டி என்றால் சும்மாவா? மேலே சாமி, நடுவில் பாப்பா, சுற்றிலும் சொந்தக்காரர் அத்தனை பேரின் தலையும். ஒவ்வொரு தலைக்கும் கீழே பெயர், முறை, ஊர். ஒருத்தர் பெயர் விட்டுப்போனால் பரம்பரைப் பகை. நான் அதோடு விடாமல் எல்லாருக்கும் பட்டப்பெயரும் போட்டேன். 'மஸ்கட் புயல்' சங்கர். தேங்காய்ப்பால் சொதிக் குழம்புக்குப் பேர்போன என் அம்மா 'சொதி ராணி'. கடைசி வரிசையில் கூலிங் கிளாஸோடு 'கொட்டாவி'. எல்லாருக்கும் கீழே, தடித்த எழுத்தில் உங்கள் மைக்செட் விளம்பரம். "நம்பரைப் பெருசாப் போடுலே, மேம்பாலத்துல போறவனுக்கும் தெரியணும்" என்றீர்கள். போட்டேன். மேம்பாலத்தைத் தாண்டியும் தெரிந்துவிட்டது. நான் அதைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாவிலும் விட்டேன். விழா முடிந்து நாள் கணக்காகியும் தட்டியை யாரும் கழற்றவில்லை. ஒரு குடும்பத்தை ஏமாற்ற என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அத்தனையையும் கலரில் அச்சடித்து, கம்பு நட்டு, மாலையும் போட்டு முச்சந்தியில் நிறுத்தியிருந்தோம்.

அந்த ஏமாற்றுப் போன் வந்த நேரத்தில் அம்மா ரேஷன் கடையில், அப்பா வேலைக்கு, நான் பள்ளிக்கூடத்தில். நீங்கள் பின்னால் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். எடுத்ததுமே அழுகை. எப்பா நாந்தாம்ப்பா, வண்டியில ஒருத்தனை இடிச்சிட்டேன், போலீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்க என்று. நடுவில் ஓர் அரபிக்காரப் போலீஸ் அதட்டினாராம். அந்த அரபிக்காரர் ஓரிடத்தில் 'ஆமா' என்றதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, "அங்கன நம்ம ஆளுக நெறைய இருக்காங்கல்லா, பழகியிருப்பாரு" என்று அவருக்காக வாதாடவும் செய்தீர்கள்.

சந்தேகம் வராமல் இல்லை உங்களுக்கு. ஆனால் அழுதவன் கடைசியாக, கொட்டாவிக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஊரைக் கூட்டிருவான் என்றானாம். அதில் விழுந்தீர்கள். வீட்டு ஆள் இல்லாத எவனுக்கு அந்தப் பெயர் தெரியும் என்று என்னிடமே கேட்டீர்கள். முச்சந்தியில் நின்ற மாட்டுக்குக்கூடத் தெரியும் பெரியப்பா. அதற்கு எழுத்து வாசிக்கத் தெரியாததால் உங்களைக் கூப்பிடவில்லை.

காதுகுத்தில் வந்த மொய்ப் பணத்தை அண்ணியிடம் கொடுக்கத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தீர்கள். அந்தப் பையோடு மூலைக் கடைக்குப் போனீர்கள், பணம் அனுப்ப. கடைக்காரப் பையன் யாருக்கு அண்ணாச்சி என்று கேட்டதற்கு, ஒனக்கெதுக்குலே என்று கத்திவிட்டு அனுப்பினீர்கள். காது குத்தினது பேத்திக்கு, குத்து வாங்கினது தாத்தா. இந்த வாசகத்தை நான் அன்று எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

'அன்று' என்றால் பணம் போன அன்று இல்லை. அன்றைக்கு நீங்கள் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொன்ன 'சங்கர்' கூப்பிடவில்லை, நிஜச் சங்கரண்ணன் மறுநாள் வாட்ஸப்பில் பாப்பா போட்டோவைப் பார்த்துச் சிரித்துப் பேசியபோதே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் பேசவில்லை. அண்ணி பணத்துக்கு வந்து நின்றபோதுதான் வெளியே வந்தது. பேங்கிலும் போலீஸிலும் ஒரே பாட்டு: அன்றைக்கே வந்திருந்தால் அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்தியிருக்கலாம், இப்போது கை மாறி எங்கேயோ போயிருக்கும். திரும்பி வரும்போது டவுண் பஸ்ஸில் உங்களிடம் கேட்டேன், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று.

"போனது போவட்டும்னுதாம்லே இருந்தேன்" என்றீர்கள். "நீ மைக் போட்டுருவியேன்னுதான் பயந்தேன்."

நான் சிரித்தேன். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். திருடனுக்குப் பயப்படாதவர் எனக்குப் பயந்திருக்கிறார்! அந்தப் பயம்தான் திருடனுக்கு நாலைந்து நாள் கால அவகாசம் கொடுத்தது என்கிற கணக்கு எனக்கு அப்போது வரவில்லை. பிளஸ் டூ கணக்கிலேயே நான் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் பயத்தை மெய்யாக்கினேன். வளவுக்கு நடுவில் நின்று, கையைக் குழாயாக மடக்கி, உங்கள் குரலில் அறிவித்தேன். காணவில்லை, காணவில்லை, மஞ்சள் பை ஒன்று காணவில்லை. கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு மைக்செட் ஆறுமுகம் அவர்களின் மூளை பரிசாக வழங்கப்படும். பயன்படுத்தாதது, புத்தம் புதியது. வளவே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நீங்களும் சிரித்தீர்கள் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா சிரிக்கவில்லை, அவள் வழி வேறு. "ஊருக்கே கேக்கும்படியா கத்தத் தெரியுது, போன்ல பேசுதது யாருன்னு கேக்கத் தெரியலையாக்கும்" என்று சோற்றை வைத்தாள். டீக்கடையில் தினமும் காலையில் யாராவது ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, ஒம்ம மவன் பேசுதேன், ரெண்டு வடைக்குக் காசு அனுப்பும் வே" என்பார். நீங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தீர்கள். பிறகு டீக்கே போகவில்லை.

எல்லாரையும்விட நன்றாகக் குத்தியது சங்கரண்ணன்தான். அவன் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் அலறும் என்பதால் வளவு முழுக்கக் கேட்டோம்.

"எப்பா, என் குரலு ஒங்களுக்குத் தெரியலையா?"

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். அதற்குள் வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் உங்களுக்குப் பேசவில்லை. அண்ணிக்குப் பேசினான், அப்பாவுக்குப் பேசினான். நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அழுதா எல்லாப் பயலுக்கும் ஒரே குரல்தாம்லே." அதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் உங்களைக் 'காப்பாற்ற' ஆரம்பித்தோம். ஸ்மார்ட் போனைப் பிடுங்கிக்கொண்டு, இப்போது மாவில் மூழ்கிய அந்தப் பட்டன் போனைக் கொடுத்தோம். ஏடிஎம் கார்டு அம்மாவின் மசாலா டப்பாவுக்குப் போனது. முதியோர் பென்ஷன் பணத்தில் ஒரு பாக்குப் பொட்டலம் வாங்க வேண்டுமானால் நீங்கள் சீரகத்தைத் தாண்டி வர வேண்டும். இதை உங்கள் நன்மைக்கு என்று சொன்னோம். ஜெயிலிலும் அப்படித்தான் சொல்வார்களாக இருக்கும்.

நான் பாதுகாப்புத் துறை மந்திரியானேன். இனிமேல் எந்தக் குரல் வந்து எந்த முறை சொல்லி அழுதாலும், முதலில் ஒரு கேள்வி. சொதியில் என்ன காய்? முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட் என்று ஊரில் இருக்கிற எவனும் சொல்வான். சரியான விடை: ஆம்ப்ளிஃபயர். நம் வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்தது, தட்டியில் இல்லாதது. பதில் தப்பினால் பேச்சே கிடையாது, வைத்துவிட வேண்டும். நீங்கள் முதலில் முறைத்தீர்கள். பிறகு உங்களுக்கே அந்த விடை பிடித்துப்போய்விட்டது. தேவைப்பட்டால் உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரையே சொதியில் போடலாம், சூடு குறையவே குறையாது என்றீர்கள். பணம் போன பிறகு நீங்கள் சொன்ன முதல் ஜோக் அது.

அடுத்து பயிற்சி. தெருவில் ஒவ்வொருத்தர் போனையும் இரவல் வாங்கி உங்களைக் கூப்பிட்டேன். பேங்க் மேனேஜராக, போலீஸாக, களக்காட்டு அண்ணியாக, ஒரு தடவை செத்துப்போன உங்கள் மாமனாராகவும். மாமனாரிடம்கூட ஏமாந்தீர்கள், நலமா என்று விசாரித்தீர்கள். ஏமாந்த ஒவ்வொரு தடவையும் வளவில் அறிவிப்பு நடந்தது. மெல்ல மெல்லத் தேறினீர்கள். அப்புறம் பிரமாதமாகத் தேறினீர்கள். சிலிண்டர் போட வருகிறவன் போன் செய்தால் "காயைச் சொல்லுலே மூதி" என்று வைத்தீர்கள். இரண்டு நாள் விறகில் சமைத்தோம். நிஜ பென்ஷன் ஆபீஸ் அம்மாவையும் அதே வார்த்தை சொன்னீர்கள். நான் பெருமையில் மிதந்தேன். திருநெல்வேலி ஜில்லாவிலேயே யாரையும் நம்பாத ஒரு கிழவரை நானாகவே தயாரித்திருந்தேன்.

ஒருநாள் கேட்டீர்கள், சும்மா கேட்பதுபோல. "சங்கருக்கு இந்தப் பதிலு தெரியுமாலே?"

அனுப்பியாச்சு என்றேன். பொய் இல்லை. அவனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தேன், உங்கள் குரலில். துக்க அறிவிப்பு மாதிரி ஆரம்பித்து, காதுகுத்துப் பணத்துக்கு இரங்கற்பா பாடி, அரபிக்காரர் 'ஆமா' சொன்னதை நடித்து, எல்லாம் முடிந்து கடைசியில்தான் கேள்வியும் விடையும். நல்ல விஷயத்தைக் கடைசியில் வைப்பதுதானே கலை? அவன் முதல் பாதியிலேயே அணைத்துவிட்டானாம். அவனுக்கு அப்போது சிரிப்பு வரும் நிலைமை இல்லை என்பது கலைஞருக்கு எப்படித் தெரியும்?

இனி நடந்தது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாத பாதியும் அதில் இருக்கிறது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்கள் வளவு வாசலிலேயே நின்றீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டிருந்தீர்கள். பல நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"ஏலே கொட்டாவி, இன்னைக்கு ஒருத்தன் வந்தாம்லே. தெரியாத நம்பரு. சங்கரு மாதிரியே அழுதான்" என்றீர்கள். "விடல நான். அழாதலே, காயைச் சொல்லுன்னேன். எப்பா நாந்தாம்ப்பான்னு அதையே சொல்லுதான். காயைச் சொல்லுலேன்னேன். முருங்கைக்காயாப்பான்னு கேட்டான் பாரு. வச்சிட்டேன்."

நான் அங்கேயே கையைக் குழாயாக்கினேன். வெற்றி, வெற்றி, மோசடிக் கும்பலை முருங்கை மரத்தில் ஏற்றிய மாவீரர் ஆறுமுகம் அவர்கள் வாழ்க என்று. வளவு கைதட்டியது. டீக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முழு டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா அப்பளம் பொரித்தாள். அப்பளம் நம் வீட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற விருதா? அவள் உங்களைப் பார்த்து, இனி கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மசாலா டப்பாவைத் திறந்தாள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அது ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்க போனை மடியிலேயே வைத்திருந்தீர்கள். குளிக்கப் போனபோதும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனீர்கள். யாராவது ஏமாற்ற வருவான், விடக்கூடாது என்றீர்கள். யாரும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அம்மா காபியோடு வந்தபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

சங்கரண்ணன் ஊருக்கு வந்து இறங்கினான். குறுக்குத்துறை ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து, ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாரும் சும்மா இருக்கிறார்களே, ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். பெரியப்பா தோற்றுப்போய் சாகவில்லை அண்ணே, ஜெயித்துவிட்டுத்தான் போனார், ரெண்டு நாளைக்கு முன்னால்கூட ஒருத்தன் உன்னைமாதிரியே அழுதான், முருங்கைக்காய் என்றதும் வைத்துவிட்டார் என்று விலாவாரியாகச் சொன்னேன். உங்கள் குரலில், நடித்து.

அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "சரியான காய் என்னதுலே?"

ஆம்ப்ளிஃபயர் என்றேன்.

"என் போனு டிஸ்ப்ளே போயிட்டு. ரூம்ல இருக்கிறவன் போன்லேருந்து கூப்பிட்டேன்" என்றான். "மன்னிப்புக் கேக்கதுக்கு."

என் பாதுகாப்பு ஏற்பாடு ஒரே ஒரு தடவைதான் உண்மையில் வேலை செய்தது பெரியப்பா. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

சரி, ஊர்ச் செய்திக்கு வருகிறேன். இப்போது நம் தெருவில் ஒருத்தர்கூட ஏமாறுவதில்லை. இதை நான் தம்பட்டமாகவே சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அவரவருக்கு ஒரு கேள்வி, ஒரு விடை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடையை முதல் வரியிலேயே சொல்கிறேன், கலையெல்லாம் கிடையாது. விடை தப்பினால் போனை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. பழைய நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும், அது எடுக்கவில்லையென்றால் கூட இருப்பவர்களுக்குக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டாம் பாதியை உங்களுக்கு நான் சொல்லித் தரவில்லை. வைப்பதற்கு மட்டும்தான் பழக்கினேன்.

டீக்கடையில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர் கடையில் இருக்கிற எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். போன மாதம் பின் தெரு ஆசாரியார், மருமகன் பெயரில் வந்த அழுகைக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் டீக்கடைக்கே ஓடிவந்து சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நேரே கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தோம், பேங்கில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏழெட்டு ஜோக் வந்தது. அத்தனையையும் டீயோடு விழுங்கினேன். நெஞ்சு எரிந்தது.

உங்கள் கண்ணீர் அஞ்சலித் தட்டியையும் நான்தான் அடித்தேன். உங்கள் படம் மட்டும். கீழே 'குடும்பத்தார்'. பெயர் இல்லை, முறை இல்லை, நம்பர் இல்லை. தன் தலை இல்லாத தட்டியைப் பார்த்துவிட்டுச் சாத்தான்குளத்து மாமா சாப்பிடாமல் கிளம்பிப் போனவர், இன்னும் பேசவில்லை. பேசாத மாமாவை யாரும் நடிக்க முடியாது. அந்த வகையில் அவரும் பாதுகாப்பாகவே இருக்கிறார்.

முக்கியமாக, குரல் மாற்றிப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். தெருவில் சின்னப் பையன்கள் விளையாட்டுக்குச் செய்தால்கூடக் காதைத் திருகுகிறேன். கொட்டாவி திருந்திவிட்டான் என்று அம்மாவே அடுத்த வீட்டில் சொன்னாள்.

இங்கேதான் பெரியப்பா, ஒரு சின்னச் சங்கடம்.

காரியம் முடிந்து அண்ணன் மஸ்கட் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, உங்கள் பட்டன் போன் அடித்தது, அண்ணனிடமிருந்து. அதை நான் ஏன் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். எடுத்தேன். வாய் தானாகவே உங்கள் குரலில், "சொதியில என்ன காய்லே?" என்றது. விளையாட்டு இல்லை, அந்தப் போனை எடுத்தால் அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சினான். பிறகு "ஆம்ப்ளிஃபயர்" என்றான்.

"சரிலே. சொல்லு" என்றேன், நீங்களாகவே.

அவன் சொன்னான். அறையில் என்ன சமைத்தார்கள், எந்த வீட்டு ஏசியில் பல்லி மாட்டியது, பாப்பாவுக்கு எந்தப் பல் விழுந்தது என்று. நான் உம் கொட்டினேன். நீங்கள் கொட்டுகிற உம், இடது காதைத் திருப்பிக்கொண்டு. அடுத்த வெள்ளியும் கூப்பிட்டான். அதற்கு அடுத்ததும். யார் பேசுவது என்று அவனுக்கும் தெரியும், அது தெரியும் என்று எனக்கும் தெரியும். தெருவில் குரல் மாற்றுகிற பையன்களின் காதைத் திருகிவிட்டு வந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, செத்துப்போன தகப்பனாக நடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் வீட்டு ஆள் மாதிரி போனில் பேசி ஏமாற்றுகிற ஒரே ஆள் இப்போது நான்தான்.

போன வெள்ளிக்கிழமை விடையைச் சரியாகச் சொன்னான். அதன் பிறகு வழக்கம்போலச் சமையலுக்குப் போகவில்லை.

"எப்பா, அன்னைக்கு நாந்தான்னு தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

தெரியவில்லை என்றால், பெற்ற மகன் குரல் கடைசிவரை உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தது என்றால், தெரிந்தே அழவிட்டு வைத்தீர்கள். எதைச் சொன்னாலும் உங்கள் குரலில் சொல்கிறேன், அவன் ஆயுசுக்கும் அதுதான் உங்கள் பதிலாக இருக்கும். எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் பெரியப்பா இது. ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் அம்மா அப்போதுதான் கிரைண்டரிலிருந்து மாவை வழித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். போன் தவறி விழவில்லை. போட்டேன். அது அடியில் போகும்வரை அவன் "எப்பா, எப்பா" என்றது ஸ்பீக்கரில் கேட்டது. முதல் தடவை தப்பான காயைச் சொன்னதற்கு வைத்தோம். இந்தத் தடவை சரியான காயைச் சொன்னதற்கு.

நாம் இரண்டு பேரும் அவன் பேசும்போது ஆளுக்கொரு தடவை போனை வைத்திருக்கிறோம். மாவு வீணானதற்கு அம்மா அடித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நீங்கள் அந்த அப்பள நாளில் கார்டை ஏன் வேண்டாம் என்றீர்கள்? மறுநாள் முழுக்க மடியில் போனை வைத்துக்கொண்டு யாருக்காகக் காத்திருந்தீர்கள்? ஏமாற்ற வருகிறவனுக்காகவா? உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தெரிந்திருக்கவே கூடாது என்று மறு நேரம் சாமி கும்பிடுகிறேன்.

சிம் கார்டைக் கழுவித் துடைத்து என் போனில் போட்டிருக்கிறேன். நாளை வெள்ளி. சத்தியமாகச் சொல்கிறேன் பெரியப்பா, அவன் கூப்பிடவில்லையென்றால் நானே கூப்பிடுவேன். காய் கேட்கமாட்டேன். அண்ணே, கொட்டாவி பேசுதேன், எனக்குத் தெரியலைண்ணே என்று சொல்வேன். என் குரலிலேயே சொல்வேன். ரொம்ப நாளாக அதைப் பயன்படுத்தாததால் எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை. அழுதுவிட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மைக்கில் கொட்டாவி விட்ட,
உங்கள் தம்பி மகன்